பருவம் பார்த்துச் சாப்பிட ஒரு சுவர் அட்டவணை

பருவத்துக்கேற்ற காய்கனிகளைச் சாப்பிட்டால் உடம்புக்கு நல்லது என்று எல்லோரும் சொல்கிறோம். எந்தக் காய்க்கு எது பருவம் என்று கேட்டால் சட்டென்று பதில் வருவதில்லை. கடையில்தான் எல்லாமே எல்லா மாதமும் கிடைக்கிறதே, பிறகு எப்படித் தெரியும்? அச்சிட்ட அட்டவணைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவை வேறு மண்ணையும் வேறு மழையையும் பார்த்து எழுதியவை. அதனால் எங்கள் வீட்டுக்கான அட்டவணையை நாங்களே தயாரிப்பது என்று இறங்கினோம். சந்தையைப் பார்த்து எழுதுவது, எழுதியதை வைத்துச் சமைப்பது, விளைச்சல் குவியும்போது கொஞ்சம் பத்திரப்படுத்துவது, இவ்வளவுதான் வேலை. முழுதாக ஒரு வருடச் சுற்று முடிந்திருக்கிறது. யாரும் எடுத்துச் செய்யும்படி, செய்ததை விவரமாக எழுதி வைக்கிறேன்.

அட்டையும் வட்டமும்

பெரிய சார்ட் அட்டை ஒன்று, காம்பஸ், பென்சில், மூன்று நிறத்தில் ஸ்கெட்ச் பேனா. சாமான் இவ்வளவு போதும். கட்டம் போடாமல் வட்டமாக வரைந்தேன். கட்டத்தில் எழுதினால், வருடக் கடைசியில் தொடங்கி அடுத்த வருட ஆரம்பத்தில் முடியும் காய் இரண்டு துண்டாகி ஆளுக்கொரு மூலையில் நிற்கும். வட்டத்தில் அதே காய் ஒரே வில்லாக ஓடும், பார்த்ததும் புரியும். மாதத்துக்கு 30 டிகிரி வீதம் பன்னிரண்டு துண்டு. நடுவிலிருந்து வெளியே போகப் போக வளையங்கள், வளையத்துக்கு ஒரு காய். கீரைகள் உள்ளே, அடுத்து கிழங்குகள், அப்புறம் மற்றக் காய்கள், வெளி ஓரத்தில் பழங்கள்.

வரத்து ஆரம்பிக்கும் காலத்துக்குப் பச்சை, குவியும் காலத்துக்குச் சிவப்பு, முடியும் காலத்துக்குப் பழுப்பு. கிடைக்கிறது, கிடைக்கவில்லை என்று இரண்டாகப் பிரிப்பதைவிட இந்த மூன்று நிலை சமையலுக்கு அதிகம் உதவுகிறது. ஆரம்பத்தில் வரும் காயைக் கொஞ்சமாக வாங்கிப் பச்சையாகவோ லேசாக வதக்கியோ சாப்பிடலாம். குவியும்போது தினமும் சமைக்கலாம், மிச்சத்தைச் சேமிக்கலாம். முடியும் காலத்துக் காய் முற்றியிருக்கும், அதைக் குழம்பிலும் சூப்பிலும் போட்டு நன்றாக வேகவிட வேண்டும். முதல் சுற்று முழுக்கப் பென்சிலில் எழுதுவதுதான் சரி. நிறம் அடுத்த சுற்றில் ஏறட்டும்.

சந்தையைப் படிப்பது

இந்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. ஒரே காய் பல கடைகளில் மலைபோல் குவிந்திருந்தால், விலை வாரத்துக்கு வாரம் இறங்கிக்கொண்டே வந்தால், பெரிதும் சிறிதும் கோணலும் நேருமாகக் கலந்து வந்தால் அது உச்சத்தில் இருக்கிறது என்று எழுதிக்கொள்ளலாம். தொலைவிலிருந்து வருபவை பெரும்பாலும் அளவு பார்த்துப் பிரித்து, பெட்டியில் அடுக்கி வரும். ஒன்றுபோலவே இருக்கும். காம்பைப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். வெட்டிய இடம் ஈரமாகவும் வெளிர் பச்சையாகவும் இருந்தால் பறித்து அதிக நேரமாகவில்லை. கறுத்துச் சுருங்கியிருந்தால் அது வெகுதூரம் வந்திருக்கிறது, அல்லது வெகுநாள் இருந்திருக்கிறது.

பட்டாணியை எடுத்துக்கொள்வோம். பருவத்தின் நடுவில் வந்த காயைக் கையில் எடுத்து, இன்னொரு காயோடு தேய்த்தால் கீச்சென்று சத்தம் வரும். உரித்தால் மணிகள் உருண்டையாக, ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் இருக்கும். ஒன்றை வாயில் போட்டுக் கடித்தால் முதலில் இனிப்பு, அப்புறம்தான் பச்சை வாசனை. பருவம் முடியும் சமயத்தில் அதே காயில் மணிகள் நெருக்கியடித்துப் பக்கங்கள் தட்டையாகியிருக்கும். கடித்தால் மாவு மாதிரி இருக்கும். பட்டாணியிலும் சோளத்திலும் உள்ள சர்க்கரை, முற்ற முற்ற மாவுச்சத்தாக மாறுகிறது. பறித்த பிறகும் அந்த மாற்றம் நிற்பதில்லை, வெப்பத்தில் இன்னும் வேகமாக நடக்கும். அதனால் இந்த இரண்டையும் வாங்கிய அன்றே சமைப்பது, முடியாவிட்டால் உடனே குளிரில் வைப்பது என்று எங்கள் வீட்டில் முடிவாகிவிட்டது.

விற்பவரிடம் கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. நல்லா இருக்குமா என்று கேட்டால் நல்லா இருக்கும் என்றுதான் சொல்வார்கள். "அக்கா, இது இப்பதான் வர ஆரம்பிச்சிருக்கா, முடியப்போகுதா?" என்று கேட்டுப் பாருங்கள். இன்னும் பத்து நாள்தான் வரும், அடுத்த வாரம் மழை பெய்தால் கீரை வராது, இப்போது வருவது இரண்டாம் பறிப்பு என்று விவரம் கொட்டும். என் அட்டையில் இருக்கும் பழுப்புக் கோடுகளில் பாதி அப்படிக் கேட்டு எழுதியவைதான்.

சில காய்கனிகளில் சந்தை வரத்தை வைத்துப் பருவம் சொல்ல முடியாது. உருளைக்கிழங்கு, வெங்காயம், ஆப்பிள் எல்லாம் கிடங்கிலிருந்து வருடம் முழுக்க வரும். ஆப்பிளைக் குளிரில் வைத்து, அறையின் ஆக்சிஜனை வெகுவாகக் குறைத்து, கரியமில வாயுவையும் கட்டுப்படுத்தினால் அது மாதக்கணக்கில் பழுக்காமல் நிற்கும். அது கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வளையங்களில் புது அறுவடை வரும் மாதத்தை மட்டும் குறித்துவிட்டு மற்றதை வெறுமையாக விட்டிருக்கிறேன்.

உடம்புக்கு என்ன லாபம்

பருவக் காய் மருந்து இல்லை. அதற்கென்று தனி மந்திர சக்தியும் கிடையாது. லாபம் இரண்டு வழியில் வருகிறது, இரண்டும் உண்மையான லாபம்.

முதலாவது, பறித்ததற்கும் சாப்பிடுவதற்கும் நடுவில் உள்ள நேரம் குறைகிறது. வைட்டமின் சி நிலையில்லாத சத்து. காற்று, வெப்பம், தண்ணீர் மூன்றும் அதற்கு ஆகாது. கீரையை வெளியே வைத்தால் சில நாட்களிலேயே அந்தச் சத்தின் பெரும்பகுதி போய்விடும். ஃபிரிட்ஜில் வைத்தால் மெதுவாகக் குறையும். ஃபோலேட் என்ற பி வைட்டமினும் ஏறக்குறைய இதே ரகம்தான். தாதுக்களும் நார்ச்சத்தும் அப்படி ஓடிப்போவதில்லை. அதனால் கீரை, பட்டாணி, குடைமிளகாய் போன்றவற்றில் பருவம் பார்ப்பதற்கு அதிகப் பலன் உண்டு. பூசணியிலும் கிழங்கிலும் அவ்வளவு அவசரமில்லை.

இரண்டாவது லாபத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பருவத்தோடு போனால் தட்டு தானாகவே மாறும். நாம் எல்லோரும் பழகிய நாலைந்து காய்களையே வருடம் முழுக்கச் சுற்றிச் சுற்றிச் சமைக்கும் பழக்கம் உள்ளவர்கள். அட்டவணை சுவரில் வந்த பிறகு, வெயில் காலத்தில் வெள்ளரியும் தர்ப்பூசணியும் சுரைக்காயும், குளிரில் கேரட்டும் முட்டைக்கோஸும் கீரைகளும் என்று மாறி மாறி வருகின்றன. வெள்ளரியில் ஏறக்குறைய 95 சதவீதம் தண்ணீர், தர்ப்பூசணியில் 90 சதவீதத்துக்கு மேல். வியர்த்துக் கொட்டும் மாதங்களில் குடிக்கும் தண்ணீரோடு இதுவும் சேர்கிறது. குளிர் காலத்துக் கேரட்டும் முட்டைக்கோஸும் அதிகமாக இனிப்பதற்கும் காரணம் இருக்கிறது. குளிர் ஏற ஏற அந்தச் செடிகள் தங்கள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி வைத்துக்கொள்கின்றன. சர்க்கரை கரைந்த சாறு லேசில் உறையாது. செடி தன்னைக் காத்துக்கொள்ள எடுக்கும் ஏற்பாடு நமக்கு ருசியாக வந்து சேர்கிறது.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கனி. உருளைக்கிழங்கு போன்ற மாவுக் கிழங்குகள் அந்தக் கணக்கில் சேராது. சமையல் தராசில் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடுவதை நிறுத்துப் பாருங்கள், 400 கிராம் என்பது நினைப்பதைவிடப் பெரிய குவியல். பருவக் காய் மலிவாகவும் ருசியாகவும் இருப்பதால் அந்த அளவை எட்டுவது சுலபமாகிறது. வீட்டில் யாரையும் வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை. இனிக்கிற கேரட்டைக் கழுவி மேசையில் வைத்தால் அதுவே தீர்ந்துபோகிறது.

சமைக்கும் விதமும் முக்கியம். கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டினும் தக்காளியில் உள்ள லைக்கோபீனும் கொழுப்பில் கரைபவை. கொஞ்சம் எண்ணெயோடு சமைத்தால்தான் உடம்பு நன்றாக எடுத்துக்கொள்ளும். கீரையில் உள்ள இரும்புச்சத்து சேர, கூடவே புளிப்பான பழமோ எலுமிச்சைச் சாறோ இருப்பது நல்லது. வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டினால் வைட்டமின் சியும் கூடவே போய்விடும். நான் ஆவியில் வைக்கிறேன், இல்லையென்றால் அந்தத் தண்ணீரையே சூப்புக்கு எடுத்துக்கொள்கிறேன்.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வார்ஃபரின் என்ற இரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை எடுப்பவர்கள், கீரைப் பருவம் வந்துவிட்டது என்று திடீரென அளவைக் கூட்டக்கூடாது. கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும். குறைப்பதோ கூட்டுவதோ எதுவானாலும் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களும் பொட்டாசியம் கணக்குப் பார்த்தே காய்கனி தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். எங்கள் அட்டையின் ஓரத்தில் இந்த இரண்டையும் சிவப்பில் எழுதி வைத்திருக்கிறோம், விருந்தாளிகள் யாராவது கேட்டால் உதவும் என்று.

எதை எங்கே வைப்பது

அட்டையை மாட்டியதும் சமையலறையையும் கொஞ்சம் மாற்றியடுக்க வேண்டியிருந்தது. தக்காளிக்கு ஃபிரிட்ஜ் ஒத்துவராது. 12 டிகிரிக்குக் கீழே போனால் அதன் வாசனை மங்கிவிடும், சதையும் மாவாகும். நன்றாகப் பழுத்து, இனி தாங்காது என்ற நிலையில் மட்டும் உள்ளே வைக்கிறேன். உருளைக்கிழங்குக்கு இருட்டும் காற்றும் வேண்டும். வெளிச்சம் பட்டால் பச்சை பூத்து, சொலனைன் என்ற நச்சுப்பொருள் கூடும். ஃபிரிட்ஜில் வைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாகி, பொரிக்கும்போது சீக்கிரம் கறுக்கும். வெங்காயத்துக்கும் காற்றோட்டம்தான், ஆனால் உருளையோடு சேர்த்து வைப்பதில்லை. ஆப்பிளும் வாழைப்பழமும் பழுக்கும்போது எத்திலீன் வாயுவை விடும். பக்கத்தில் கீரை இருந்தால் மஞ்சளாகும், கேரட் இருந்தால் கசக்கும். பழக்கூடையைத் தனியாக எடுத்து வைத்ததில் வீணாவது கண்கூடாகக் குறைந்தது. கேரட்டின் இலைகளை வாங்கி வந்ததும் கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவை கிழங்கின் ஈரத்தை இழுத்து அதை வாட வைத்துவிடும்.

குவியும்போது செய்யும் வேலை

சிவப்புக் கோடு வந்ததும் எங்கள் வீட்டில் வேலை நாள். பட்டாணியை எல்லோரும் உட்கார்ந்து உரிப்போம். பெரிய பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். பக்கத்தில் இன்னொரு பாத்திரத்தில் ஐஸ் போட்ட தண்ணீர். பட்டாணியைக் கம்பிக் கூடையில் போட்டு முக்கினால் தண்ணீர் கொதி அடங்கும். மறுபடி கொதி வந்ததிலிருந்து ஒன்றரை நிமிடம். அந்தக் கொஞ்ச நேரத்தில் நிறம் மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம், மங்கலாக இருந்தது பளிச்சென்ற பச்சையாகும். நேரம் ஆனதும் உடனே ஐஸ் தண்ணீரில் கொட்டி, அதே அளவு நேரம் ஆறவிட்டு, வடிகட்டித் துணியில் பரப்பி ஈரம் ஒற்றி எடுக்க வேண்டும். பிறகு தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பி ஃப்ரீசரில் வைத்து, உறைந்ததும் பையில் கொட்டிக் காற்றை வெளியேற்றி மூடினால், கட்டியாகாமல் மணி மணியாக எடுக்க வரும். பீன்ஸுக்கும் காலிஃபிளவருக்கும் மூன்று நிமிடம், கீரைக்கு இரண்டு.

இந்தக் கொதிநீர் முக்கலைத் தவிர்க்கக்கூடாது. காயில் உள்ள நொதிகள் குளிரில் மெதுவாகுமே தவிர நிற்காது. முக்காமல் உறைய வைத்த பட்டாணி சில வாரங்களில் நிறமும் ருசியும் கெட்டு வைக்கோல் வாசனை அடிக்கும். முக்கியதை மைனஸ் 18 டிகிரியில் எட்டு முதல் பன்னிரண்டு மாதம் வைக்கலாம். உறைந்த காய் என்றால் சத்தில்லை என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது, அது சரியில்லை. பறித்ததும் உறைய வைத்த பட்டாணியில், நாள்கணக்கில் கடையில் கிடந்த புதுப் பட்டாணியைவிட வைட்டமின் சி அதிகமாகவே இருக்கக்கூடும்.

தக்காளி குவிந்தால் பாதி கூழாகும், பாதி காயும். காய வைக்க விரல் தடிமனுக்கும் குறைவாக, அரை சென்டிமீட்டர் அளவில் வட்டமாக நறுக்கி, 60 டிகிரியில் உலர்த்தியில் வைக்கிறேன். வெயிலில் காய வைப்பது காற்றில் ஈரம் குறைவாக இருந்தால்தான் நடக்கும். ஈரக்காற்று இருந்தால் காய்வதற்குள் பூஞ்சை பிடித்துவிடும். வளைத்தால் தோல்போல் வளைய வேண்டும், நடுவில் அழுத்தினால் ஈரம் கசியக்கூடாது. ஆறியதும் ஜாடியில் முக்கால்வாசி நிரப்பி மூடி, ஒரு வாரம் தினமும் குலுக்க வேண்டும். ஒரு துண்டில் மிஞ்சிய ஈரம் எல்லாவற்றுக்கும் சமமாகப் பரவும். கண்ணாடியில் நீர்த்துளி தெரிந்தால் திரும்பவும் உலர்த்தியில் போட வேண்டும். எண்ணெயில் பூண்டோடு ஊறவைத்து வெளியே வைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு, தயவுசெய்து வேண்டாம். காற்றில்லாத எண்ணெய்க்குள் பொட்டுலிசம் என்ற உயிருக்கே ஆபத்தான நச்சை உண்டாக்கும் கிருமி வளரும். வாசனையை வைத்தோ நிறத்தை வைத்தோ அதைக் கண்டுபிடிக்க முடியாது.

முட்டைக்கோஸ் குவியும்போது புளிக்க வைப்போம். மெல்லியதாகச் சீவி நிறுத்து, ஒரு கிலோவுக்கு 20 முதல் 25 கிராம் உப்பு போட்டுக் கையால் பிசைய வேண்டும். முதலில் ஒன்றும் நடக்காததுபோல இருக்கும். பத்து நிமிடம் பிசைந்தால் இழைகள் தளர்ந்து, கைக்கு அடியில் தண்ணீர் சேர ஆரம்பிக்கும். ஜாடியில் அழுத்தி அடைத்தால் அந்தச் சாறே மேலேறி மூடும். மேலே சுத்தமான கனம் ஒன்றை வைத்து, இழைகள் சாற்றுக்கு மேலே தலை தூக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓரிரு நாளில் குமிழி விடும். மூடியை இறுக்கினால் வாயு சேர்ந்து ஜாடி உடையலாம், லேசாகத் தளர்த்தி வைப்பதே நல்லது. 20 டிகிரி சுமாருக்கு மூன்று நான்கு வாரம், வெப்பம் கூடினால் சீக்கிரம் புளிக்கும், ஆனால் நறுக்கென்று இருக்காது. லாக்டிக் அமிலம் உண்டாகி அமிலத்தன்மை ஏறுவதால்தான் இது கெடாமல் நிற்கிறது. உப்பைக் கண்ணளவில் போடாமல் நிறுத்துப் போடுவதற்கும் அதுவே காரணம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதில் உப்பு இருப்பதை நினைவில் வைத்து, தொட்டுக்கொள்ளும் அளவோடு நிறுத்த வேண்டும்.

காய் கிடைக்காத காலத்தில் என்ன ஆகும் என்பதைக் கடற்பயணங்கள் கொடூரமாகக் காட்டியிருக்கின்றன. 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் கண்ட பன்னிரண்டு மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து வேறு வேறு பொருள்களைக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்டவர்கள்தான் சட்டென்று தேறினார்கள். 1768-இல் கிளம்பிய ஜேம்ஸ் குக்கின் எண்டவர் கப்பலில் புளிக்க வைத்த முட்டைக்கோஸ் பெருமளவு போனது. அன்றைக்கு வைட்டமின் என்ற பெயரே கிடையாது. ஜாடியைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மாலுமிகள் ஞாபகம் வரும்.

இரண்டாம் சுற்று

இப்போது கோடுகள் மேல் நிறம் ஏறிக்கொண்டிருக்கிறது. கீரைகளும் காய்களும் ஓரிரு வாரம் முன்பின்னாக அதே இடத்தில் வருகின்றன. மழை தள்ளிப்போனால் மொத்த வில்லும் நகர்கிறது, அதைப் பக்கத்திலேயே மெல்லிய கோடாகப் போடுகிறேன். பழ வளையங்களுக்கு நிறம் கொடுக்க அவசரப்படவில்லை. மாமரமும் ஆப்பிள் மரமும் ஒரு வருடம் நிறையக் காய்த்தால் மறு வருடம் ஓய்வெடுக்கும் குணம் உள்ளவை. இரண்டு சுற்றாவது பார்க்காமல் அவற்றின் சிவப்புக் கோட்டை நம்ப முடியாது.

எல்லா வளையமும் பழுப்பாகவோ வெறுமையாகவோ இருக்கும் இடைவெளி ஒன்று வருடத்தில் வரத்தான் செய்கிறது. போன பருவம் முடிந்து, அடுத்தது இன்னும் வராத வாரங்கள். அட்டையை ஒருமுறை பார்த்தாலே அது எங்கே விழுகிறது என்று தெரிந்துவிடும், அதற்குத் தகுந்த மாதிரி முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளலாம். முழுப் பூசணியைக் காம்போடு வாங்கி, தோலில் கீறல் இல்லாமல் பார்த்து, குளிர்ச்சியான காய்ந்த இடத்தில் வைத்தால் இரண்டு மூன்று மாதம் நிற்கும். பயறுகளை முளைகட்டினால், காய்ந்த பயற்றில் இல்லாத வைட்டமின் சி கொஞ்சம் உண்டாகிறது. ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் கட்டி வைத்தால் ஓரிரு நாளில் முளை எட்டிப் பார்க்கும். அந்த ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிகளுக்கும் பிடித்தமானவை என்பதால் பச்சையாகச் சாப்பிடாமல் ஆவியில் வைத்து எடுக்கிறோம். குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இதில் கவனம் கட்டாயம்.

ஃப்ரீசரில் உள்ள பைகளில் மாதமும் எடையும் எழுதி, பழையது முன்னால் வரும்படி அடுக்கியிருக்கிறோம். இந்தச் சுற்றில் புதுப் பட்டாணி சந்தைக்கு வருவதற்கு வெகு முன்பே பட்டாணிப் பைகள் காலி. பீன்ஸ் மிஞ்சியது. அடுத்த முறை பட்டாணியை இரட்டிப்பாக்கி, பீன்ஸைப் பாதியாக்கப் போகிறோம்.